குரூப்பில் பிழை இருக்கிறது, திரையில் ஏன் தெரியவில்லை? ஆங்குலர் படிவங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வலைச் செயலிகள் எழுதும் ஃப்ரேம்வொர்க்கான ஆங்குலரின் ரியாக்டிவ் ஃபார்ம்ஸில் (படிவத்தைக் கோடிலேயே வரையறுக்கும் முறை) ஒரு ஃபீல்டுக்கான பிழையைக் காட்டுவது எளிது. இரண்டு மூன்று ஃபீல்டுகள் சேர்ந்து ஒரு விதியை மீறும்போதுதான் சிக்கல் தொடங்கும். அப்படி வரும் கேள்விகள் இங்கே இருக்கின்றன. ஃபீல்டுகளைச் சேர்த்து வைக்கும் பெற்றோர்தான் குரூப், விதியைச் சரிபார்க்கும் ஃபங்ஷன்தான் வேலிடேட்டர்.

எல்லாப் பதில்களுக்கும் ஒரே படிவத்தை எடுத்துக்கொள்வோம்: ஆன்லைனில் டெபாசிட் கணக்குத் தொடங்கும் விண்ணப்பம். அதில் மூன்று பகுதிகள். ‘உள்நுழைவு’ பகுதியில் கடவுச்சொல்லை இரண்டு முறை கேட்போம். ‘தொடர்பு’ பகுதியில் மொபைல், மின்னஞ்சல் இரண்டும் இருக்கும், ஏதாவது ஒன்று போதும். ‘நாமினிகள்’ பகுதியில் எத்தனை வரிசை வேண்டுமானாலும் சேர்க்கலாம். ஒவ்வொரு வரிசையிலும் பெயர், பிறந்த தேதி, பங்கு சதவீதம் இருக்கும். பங்குகளைக் கூட்டினால் 100 வர வேண்டும். நாமினிக்கு 18 வயது நிரம்பவில்லை என்றால் காப்பாளர் பெயரும் வேண்டும்.

ஃபார்ம் இன்வேலிட் என்கிறது, ஆனால் அதன் எரர்ஸைப் பார்த்தால் நல் (ஒன்றுமில்லை) என்று வருகிறது. எப்படி?

‘இன்வேலிட்’ குடும்பத்துக்கே பொதுவான நிலை, ‘எரர்ஸ்’ அவரவருக்குச் சொந்தமான கணக்கு. உள்ளே ஒரே ஒரு ஃபீல்டு தப்பாக இருந்தாலும் அதைச் சுற்றியிருக்கும் குரூப், அதற்கு மேலுள்ள குரூப், முழு ஃபார்ம் எல்லாமே இன்வேலிட் ஆகிவிடும். ஆனால் குரூப்பின் எரர்ஸில், அந்தக் குரூப்பின் மேலேயே வைத்த வேலிடேட்டர் திருப்பித் தந்தது மட்டும்தான் இருக்கும். பிள்ளைகளின் பிழை அங்கே ஏறி வராது.

இதன் மறுபக்கம்தான் ஆட்களை அதிகம் குழப்புகிறது. எல்லா ஃபீல்டும் வேலிட், எதிலும் சிவப்பு இல்லை, ஆனாலும் சப்மிட் நடக்கவில்லை என்றால் பிழை குரூப்பில் உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். ஃபார்மின் மரத்தை மேலிருந்து கீழே நடந்து, ஒவ்வொரு கணுவின் சொந்த எரர்ஸையும் கன்சோலில் அச்சிடும் பத்து வரி ஃபங்ஷன் ஒன்றை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடிக்கடி கைகொடுக்கும்.

வேலிடேட்டரை ஃபீல்டில் வைப்பதா, குரூப்பில் வைப்பதா?

விதி எந்தெந்த ஃபீல்டுகளைப் படிக்கிறதோ, அவை எல்லாவற்றுக்கும் பொதுவான மிக நெருங்கிய பெற்றோரில் வையுங்கள். கடவுச்சொல் பொருத்தம் ‘உள்நுழைவு’ குரூப்பில், பங்கு மொத்தம் நாமினிகள் ஃபார்ம்அரேயில் (வரிசைகளின் பட்டியலை வைத்திருக்கும் பெற்றோர்), காப்பாளர் விதி ஒவ்வொரு நாமினி வரிசையின் குரூப்பில்.

பலர் இரண்டாவது கடவுச்சொல் ஃபீல்டிலேயே வேலிடேட்டரை மாட்டி, அதன் பேரண்ட் வழியாக முதல் ஃபீல்டை எட்டிப் பார்ப்பார்கள். முதல் பார்வைக்கு வேலை செய்வது போலத் தெரியும். பயனர் இரண்டிலும் ஒரே சொல்லைத் தட்டுகிறார், இரண்டும் வேலிட். அப்புறம் மேலே போய் முதல் சொல்லை மட்டும் மாற்றுகிறார். இரண்டாவது ஃபீல்டில் எதுவும் மாறாததால் அதன் வேலிடேட்டர் மறுபடி ஓடவே ஓடாது. பொருந்தாத இரண்டு சொற்களோடு படிவம் சர்வருக்குப் போய்விடும். குரூப்பில் வைத்தால் இந்த ஓட்டை இல்லை. எந்தப் பிள்ளை மாறினாலும் சரிபார்ப்பு பெற்றோர் வரை ஏறி வரும்.

படிவத்தைக் கட்டித் தரும் ஃபார்ம்பில்டரின் குரூப் மெத்தடுக்கு இரண்டாவது ஆர்க்யுமெண்ட்டாக ‘வேலிடேட்டர்ஸ்’ என்று பன்மையில் கொடுங்கள். பழைய எடுத்துக்காட்டுகளில் ‘வேலிடேட்டர்’ என்று ஒருமையில் பார்ப்பீர்கள். அது கைவிடப்பட்ட வடிவம்.

வேலிடேட்டர் திருப்பித் தரும் ஆப்ஜெக்டில் ட்ரூ என்று மட்டும் போட்டால் போதாதா?

கடவுச்சொல் பொருந்தவில்லை என்பதற்குப் போதும், அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. பங்கு மொத்தத்துக்குப் போதாது. ‘மொத்தம் 100 வர வேண்டும்’ என்று மட்டும் காட்டினால் நான்கு வரிசையையும் பயனர்தான் மனக்கணக்காகக் கூட்டிப் பார்க்க வேண்டும். நாம் ஏற்கெனவே கூட்டி வைத்திருக்கும் எண்ணை பிழையோடு சேர்த்து அனுப்பினால், ‘இப்போது மொத்தம் 90%. இன்னும் 10% ஒதுக்க வேண்டும்’ என்று காட்டிவிடலாம். ஆங்குலரின் சொந்த வேலிடேட்டர்களும் இதைத்தான் செய்கின்றன: மின்லெங்த் பிழையில் தேவையான நீளம், இப்போதைய நீளம் இரண்டும் இருக்கும். (அந்தப் பிழையின் சாவி முழுக்கச் சின்ன எழுத்தில் வரும், வேலிடேட்டரின் பெயரில் நடுவே பெரிய எழுத்து வரும். செய்தி ஏன் காட்டவில்லை என்று தேடி, கடைசியில் இதுதான் காரணம் என்று கண்டுபிடிப்பது நம் தொழிலில் ஒரு சடங்கு.)

ஒரே குரூப்பில் பல வேலிடேட்டர் வைத்தால் அவற்றின் விடைகள் ஒரே ஆப்ஜெக்டாக இணைக்கப்படும். இரண்டு வேலிடேட்டருக்கு ஒரே சாவி வைத்தால் பின்னது முன்னதை அழித்துவிடும்.

குரூப்பில் பிழை இருப்பது கன்சோலில் தெரிகிறது. மேட்-எரர் மட்டும் வரவே மாட்டேன் என்கிறது. ஏன்?

எனக்கு மிக அதிகமாக வரும் கேள்வி இதுதான். மேட்-எரர் என்பது ஆங்குலர் மெட்டீரியல் நூலகத்தில் பிழைச் செய்தி காட்டும் டேக், மேட்-ஃபார்ம்-ஃபீல்டு அதையும் இன்புட்டையும் சுற்றியிருக்கும் டேக். மேட்-எரரைச் சுற்றி எந்த இஃப் நிபந்தனை எழுதினாலும், அதைக் காட்டுவதா வேண்டாமா என்று முதலில் முடிவு செய்வது மேட்-ஃபார்ம்-ஃபீல்டு. அது தன் உள்ளே இருக்கும் ஒற்றை கண்ட்ரோலை, அதாவது ஃபீல்டை, மட்டும்தான் பார்க்கும். அந்தக் கண்ட்ரோல் இன்வேலிட்டாக இருந்து, பயனர் தொட்டுவிட்டு நகர்ந்து ‘டச்ட்’ ஆகியோ ஃபார்ம் சப்மிட் ஆகியோ இருந்தால்தான் பிழை நிலைக்கு மாறும். நம் பிழை குரூப்பில் இருப்பதால் இரண்டாவது கடவுச்சொல் கண்ட்ரோல் அப்பாவியாக வேலிட் என்று நிற்கிறது. கதவு திறக்கவில்லை, நீங்கள் எழுதிய நிபந்தனை சரியாக இருந்தும் பயனில்லை.

இதற்கு இரண்டு வழி. முதல் வழி, எரர்ஸ்டேட்மேட்சர் என்ற கிளாஸை முன்மாதிரியாகக் கொண்டு உங்கள் சொந்த கிளாஸ் ஒன்று எழுதுவது. அதில் இருப்பது ஒரே மெத்தட். கண்ட்ரோல் இன்வேலிட்டாக இருந்தாலோ, அதன் பேரண்டில் ‘பொருந்தவில்லை’ என்ற பிழை இருந்தாலோ, கூடவே கண்ட்ரோல் டச்ட் ஆகியிருந்தால் ட்ரூ தர வேண்டும். அதை இரண்டாவது கடவுச்சொல்லின் இன்புட்டில் மட்டும் கட்டுங்கள். புரொவைடராக முழு ஆப்புக்கும் கொடுத்தால் முதல் கடவுச்சொல்லும் சேர்ந்து சிவந்துவிடும். இந்த மெத்தட் ஒவ்வொரு சேஞ்ச் டிடெக்ஷனிலும் (ஆங்குலர் திரையைப் புதுப்பிக்கும் சுற்று) ஓடும், அதனால் உள்ளே கனமான கணக்கு எதுவும் வேண்டாம்.

இரண்டாவது வழி, மேட்-எரரை மறந்துவிட்டு, குரூப்பின் அடியில் சாதாரணப் பத்தியாகச் செய்தியைப் போடுவது. பிழையை ஒரு குறிப்பிட்ட ஃபீல்டில் போய்த் திருத்தலாம் என்றால் முதல் வழி நல்லது. ‘மொபைல் அல்லது மின்னஞ்சல் தாருங்கள்’ போல எந்த ஃபீல்டையும் கைநீட்ட முடியாத பிழைக்கு இரண்டாவதுதான் நேர்மை. மின்னஞ்சல் கீழே அதைப் போட்டால், மின்னஞ்சல் இல்லாதவர் அங்கேயே மாட்டிக்கொள்வார்.

பிழை எங்கே வாழ்கிறது என்பது விதியின் தர்க்கம். எங்கே தெரிகிறது என்பது பயனர் எங்கே கை வைக்க வேண்டும் என்பதைப் பொறுத்தது. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் அடுத்த கேள்வியே பிறக்கிறது.

இவ்வளவு சுற்றுவானேன்? குரூப் வேலிடேட்டருக்குள்ளேயே செட்எரர்ஸ் போட்டு ஃபீல்டின் தலையில் பிழையை வைத்துவிடலாமே?

இணையத்தில் பாதி விடைகள் இதைத்தான் சொல்கின்றன, ஓடவும் செய்யும். ஆனால் செட்எரர்ஸ் ஏற்கெனவே இருக்கும் பிழைகளோடு சேர்க்காது, மொத்தமாக மாற்றிவிடும். இரண்டாவது கடவுச்சொல்லில் ‘குறைந்தது 8 எழுத்து’ என்ற பிழை இருந்தது என்று வையுங்கள். பொருத்தம் சரியானதும் உங்கள் குரூப் வேலிடேட்டர் செட்எரர்ஸுக்கு நல் கொடுக்கிறது. பொருத்தப் பிழையோடு நீளப் பிழையும் போய்விட்டது. ‘அபிசி’ போன்ற மூன்றெழுத்துச் சொல்லை இரண்டு முறை தட்டினால் அந்த ஃபீல்டு வேலிட் என்று நிற்கும்.

இதைத் தவிர்க்க, இருக்கும் எரர்ஸை நகலெடுத்து, நம் சாவியை மட்டும் நீக்கி, காலியாகிவிட்டால் நல் போட்டு என்று எழுதிக்கொண்டே போகலாம். எழுதியும் இருக்கிறார்கள். ஒரு விடையைத் திருப்பித் தருவதோடு நிற்க வேண்டிய வேலிடேட்டர் பக்கத்து வீட்டு அலமாரியை ஒழுங்குபடுத்தும் வேலையில் இறங்கிவிட்டது, அவ்வளவுதான். மேட்சர் எழுதுவது இதைவிடக் குறைந்த வரிகள்.

வேலிடேட்டர் எழுதியதும் பிரவுசர் உறைந்துவிடுகிறது, அல்லது ‘மேக்ஸிமம் கால் ஸ்டேக்’ என்று கத்துகிறது.

குரூப் வேலிடேட்டருக்குள் ஒரு பிள்ளையின் அப்டேட்வேல்யூஅண்ட்வேலிடிட்டியை (மறுபடி சரிபார்க்கச் சொல்லும் மெத்தட்) அழைத்திருப்பீர்கள். பிள்ளை தன்னைச் சரிபார்த்துவிட்டுப் பெற்றோரை அழைக்கும், பெற்றோரின் வேலிடேட்டர் மறுபடி பிள்ளையை அழைக்கும். அந்த மெத்தடின் எமிட்ஈவெண்ட் ஆப்ஷனை ஃபால்ஸ் ஆக்கினால் இது நிற்காது. நிறுத்துவது, பெற்றோரை அழைக்க விடாத ஒன்லிசெல்ஃப் ஆப்ஷன். ஆனால் அந்த அழைப்பே தேவையில்லாமல் எழுதிவிட முடியுமா என்று முதலில் பாருங்கள்.

முதல் ஃபீல்டை விட்டு நகர்ந்ததுமே ‘பொருந்தவில்லை’ என்று வருகிறது. இரண்டாவதைத் தட்டவே விடவில்லை!

குரூப்பின் டச்டைப் பார்த்து நிபந்தனை எழுதியிருப்பீர்கள். ஒரு பிள்ளை டச்ட் ஆனாலே குரூப்பும் டச்ட் ஆகிவிடும். கடவுச்சொல்லுக்கு இரண்டாவது ஃபீல்டின் டச்டைப் பாருங்கள். தொடர்புப் பகுதிக்கு இரண்டு ஃபீல்டும் டச்ட் ஆன பிறகு, அல்லது சப்மிட் செய்த பிறகு காட்டுங்கள். ஒவ்வொரு எழுத்துக்கும் செய்தி மின்னுவது தொல்லையாக இருந்தால் அப்டேட்ஆன் என்பதை ‘ப்ளர்’ ஆக்கலாம்.

சப்மிட் அழுத்தியதும் எல்லாவற்றையும் காட்ட இரண்டு வழி உண்டு, இரண்டுக்கும் ஒரு நுணுக்கமான வேறுபாடு. மார்க்ஆல்அஸ்டச்ட் அந்த நேரத்தில் இருக்கும் கண்ட்ரோல்களை மட்டும் தொடும். பிறகு ‘நாமினி சேர்’ அழுத்தினால் புது வரிசை அமைதியாக வரும். ஃபார்ம்குரூப்டைரக்டிவின் ‘சப்மிட்டட்’ கொடியை நம்பினால் அது ஃபார்மை ரீசெட் செய்யும்வரை ட்ரூவாகவே இருக்கும். புது வரிசை பிறக்கும்போதே மூன்று பிழையோடு சிவந்து வரும். நாமினிகள் போன்ற பகுதிக்கு நான் முதலாவதைத்தான் எடுப்பேன்.

ஒரு ஃபீல்டுதான் தப்பு. முழுப் படிவத்தைச் சுற்றியும் சிவப்புக் கோடு வருகிறதே?

என்ஜி-இன்வேலிட் கிளாஸை ஆங்குலர் இன்புட்டுக்கு மட்டும் போடுவதில்லை. ஃபார்ம் டேக், ஃபார்ம்குரூப்நேம், ஃபார்ம்அரேநேம் உள்ள டேக்குகள் எல்லாவற்றுக்கும் போடும். சிஎஸ்எஸ்ஸில் இன்புட், செலக்ட், டெக்ஸ்ட்ஏரியா என்று குறுக்கி எழுதுங்கள்.

பிரவுசரின் சொந்த வேலிடேஷனை வைத்தே குரூப் பிழையைக் காட்ட முடியாதா?

பெரிய அளவில் முடியாது. ஃபீல்ட்செட்டுக்கு செட்கஸ்டம்வேலிடிட்டி என்ற மெத்தட் இருக்கிறது, அழைத்தால் பிழையும் எறியாது. ஆனால் எச்டிஎம்எல் விதிப்படி ஃபீல்ட்செட் சரிபார்ப்பிலேயே சேர்த்தி இல்லை, ஆகவே சப்மிட்டைத் தடுக்காது. செக்பாக்ஸ்களில் ‘ஏதாவது ஒன்று’ என்பதற்கும் வழி இல்லை, ரிக்வயர்ட் போட்ட ஒவ்வொரு பெட்டியையும் டிக் செய்தாக வேண்டும். ஒரே பெயர் கொண்ட ரேடியோ பட்டன்களுக்கு மட்டும் ஒன்றில் ரிக்வயர்ட் போட்டால் குழுவுக்கே பொருந்தும். எப்படியும் ஆங்குலர் தன் ஃபார்ம்களுக்குத் தானாகவே நோவேலிடேட் சேர்த்துவிடுவதால் பிரவுசரின் குமிழிச் செய்திகள் வராது.

நாமினி வரிசைகளில் எந்தப் பிழையை எங்கே காட்டுவது?

பங்கு மொத்தம் எந்த ஒரு வரிசையின் குற்றமும் இல்லை. எனவே வரிசைகள் முடியும் இடத்தில், ‘நாமினி சேர்’ பட்டனுக்குப் பக்கத்தில், மொத்தத்தை எப்போதும் காட்டுங்கள். பிழை இருக்கும்போது மட்டும் அல்ல, 100 ஆகிவிட்டாலும் ‘மொத்தம் 100%’ என்று அங்கேயே இருக்கட்டும். தட்டத் தட்ட எண் மாறுவதைப் பார்ப்பவருக்குப் பிழைச் செய்தியே பெரும்பாலும் தேவைப்படாது.

கூட்டும்போது தசமத்தில் கவனம். ஜாவாஸ்கிரிப்டில் 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினால் 0.3 சரியாக வராது என்பது தெரிந்த கதை. பங்கை 100ஆல் பெருக்கி முழு எண்ணாக்கிக் கூட்டி, 10000உடன் ஒப்பிடுங்கள். அப்புறம், மூன்று பிள்ளைகளுக்குச் சமமாகப் பிரிப்பவர் 33.33 என்று மூன்று முறை போடுவார், மொத்தம் 99.99. இதைத் தடுப்பதா, மீதி 0.01ஐக் கடைசி நாமினிக்குச் சேர்ப்பதா என்பது டெவலப்பர் தனியாக எடுக்கும் முடிவு இல்லை. கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

காப்பாளர் பெயர் வேறு வகை. விதி பிறந்த தேதியையும் காப்பாளர் பெயரையும் சேர்த்துப் படிப்பதால் பிழை வரிசையின் குரூப்பில் வாழும். பயனர் திருத்த வேண்டியது காப்பாளர் ஃபீல்டை, ஆகவே செய்தி அதன் கீழே. தேதி மாறும்போதெல்லாம் காப்பாளர் ஃபீல்டுக்கு ரிக்வயர்ட் வேலிடேட்டரைச் சேர்த்து நீக்கியும் செய்யலாம், ஆட்வேலிடேட்டர்ஸ் அதற்காகவே இருக்கிறது. ஆனால் சேர்த்தபின் அப்டேட்வேல்யூஅண்ட்வேலிடிட்டியை அழைக்க மறந்தால் எதுவும் நடக்காது. சேமித்த விண்ணப்பத்தைத் திரும்ப நிரப்பும்போதும் அந்த ஏற்பாட்டைத் தனியாக ஓட்ட வேண்டியிருக்கும். குரூப் வேலிடேட்டர் இருக்கும் மதிப்புகளைப் பார்த்து விடை சொல்லும், முன்கதை அதற்குத் தேவையில்லை.

குரூப்பின் அசிங்க் வேலிடேட்டர் ஓடவே மாட்டேன் என்கிறதே?

சர்வரைக் கேட்பது போலத் தாமதமாக விடை தரும் வேலிடேட்டர்தான் அசிங்க். உள்ளே ஏதாவது ஃபீல்டு இன்வேலிட்டாக இருக்கும். சாதாரண வேலிடேட்டர்கள் எப்போதும் ஓடும், அசிங்க் மட்டும் மற்றவை எல்லாம் தேறிய பிறகே ஓடும். ஓடும்போது நிலை ‘பெண்டிங்’. அப்போது வேலிட்டும் ஃபால்ஸ், இன்வேலிட்டும் ஃபால்ஸ். சப்மிட்டில் ‘இன்வேலிட்டாக இருந்தால் திரும்பிப் போ’ என்று எழுதியவர்கள் பெண்டிங்கில் இருக்கும் படிவத்தை அனுப்பிவிடுவார்கள். ‘வேலிட் இல்லையென்றால்’ என்று எழுதுங்கள்.

சர்வர் திருப்பி அனுப்பும் பிழைகளை எப்படிப் பொருத்துவது?

சர்வர் பக்க ஃப்ரேம்வொர்க்கான லாராவெல் 422 நிலைக் குறியோடு பிழைகளை அனுப்பும்போது சாவிகள் ‘நாமினீஸ், புள்ளி, 0, புள்ளி, ஷேர்’ என்ற வடிவில் வரும். ஆங்குலரின் கெட் மெத்தடும் இதே புள்ளிப் பாதையை அப்படியே ஏற்றுக்கொள்ளும். இரண்டு பக்கமும் பெயர்கள் ஒன்றாக இருந்தால் ஒரு சின்ன லூப்பில் வேலை முடிந்தது. இங்கே மட்டும் செட்எரர்ஸ் சரியான கருவி. பயனர் அந்த ஃபீல்டில் கை வைத்ததும் மறுசரிபார்ப்பில் அந்தப் பிழை தானாக அழிந்துவிடும். சர்வர் பிழைக்கு நமக்கு வேண்டியதும் அதுதான்.

பாதைக்கு கண்ட்ரோல் கிடைக்கவில்லை என்றால் கெட் நல் தரும். அதை விழுங்கிவிடாமல் படிவத்தின் தலையில் காட்டுங்கள். ஜாங்கோ ரெஸ்ட் ஃப்ரேம்வொர்க்கின் ‘நான் ஃபீல்ட் எரர்ஸ்’, ரெயில்ஸின் ‘பேஸ்’ போன்ற, எந்த ஃபீல்டுக்கும் சொந்தமில்லாத சர்வர் பிழைகளும் அங்கேதான் சேரும்.

ஸ்கிரீன் ரீடர் பயன்படுத்துவோருக்குக் குரூப் பிழை எப்படித் தெரியும்?

பகுதியை ஃபீல்ட்செட்டிலும் தலைப்பை லெஜண்டிலும் வையுங்கள். பிழைச் செய்திக்கு ஒரு ஐடி கொடுத்து, ஃபீல்ட்செட்டின் ஏரியா-டிஸ்கிரைப்ட்பையை அதற்குச் சுட்டுங்கள். ஏரியா-இன்வேலிட் ஃபீல்ட்செட்டுக்குப் பொருந்தாது, இன்புட்டுக்குப் போடுங்கள். செய்தியைப் படித்துச் சொல்லும் லைவ் ரீஜனை முன்கூட்டியே பக்கத்தில் வைத்துவிட்டு, உள்ளே இருக்கும் எழுத்தை மட்டும் இஃப்பால் கட்டுப்படுத்துங்கள். ரீஜனே எழுத்தோடு சேர்ந்து புதிதாகப் பிறந்தால் பல நேரம் வாசிக்கப்படாது. சிவப்பு நிறம் மட்டும் போதாது, பிழையை எழுத்தில் சொல்ல வேண்டும் என்பது வெப் அணுகல் வழிகாட்டியின் 3.3.1 விதி. அடிப்படையான ‘ஏ’ நிலையிலேயே இருக்கிறது.

‘முதல் பிழைக்கு ஃபோகஸ்’ என்ற வழக்கமான வசதியும் இங்கே தடுமாறும். என்ஜி-இன்வேலிட் உள்ள முதல் எலமெண்டைத் தேடினால் ஃபீல்ட்செட் கிடைக்கும், அது ஃபோகஸ் வாங்காது. இன்புட்டுக்குள் மட்டும் தேடினால், குரூப் பிழையின்போது எல்லா இன்புட்டும் வேலிட் என்பதால் ஒன்றுமே கிடைக்காது. பிரிட்டன் அரசின் கவ்.யுகே தளங்களைப் போலப் படிவத்தின் மேலே பிழைச் சுருக்கம் ஒன்று வைத்து, ஃபோகஸை அங்கே கொண்டுபோய், ஒவ்வொரு வரியிலிருந்தும் திருத்த வேண்டிய இடத்துக்கு இணைப்புக் கொடுப்பது இந்தச் சிக்கலை ஒரே அடியில் தீர்க்கிறது.

தமிழ்ப் படிவத்தில் செய்திகளை டெம்ப்ளேட்டாக வைக்கலாமா?

லேபிளை நடுவில் செருகி, பின்னால் ‘ஐ உள்ளிடவும்’ என்று ஒட்டும் டெம்ப்ளேட் வேண்டாம். ‘மாவட்டம்ஐ’, ‘வீட்டு எண்ஐ’ என்று திரையில் வந்து நிற்கும். மாவட்டத்தை, எண்ணை, ஊரை என்று ஒவ்வொரு சொல்லும் ஒவ்வொரு விதமாகத் திரியும்போது அதை ஒற்றை ஃபங்ஷனில் பிடிக்க முயல்வது வீண் உழைப்பு. ஒவ்வொரு பிழைச் சாவிக்கும் முழு வாக்கியம் எழுதுங்கள். மாறும் எண்ணை மட்டும் செருகுங்கள், உருபு எண்ணோடு ஒட்டாதபடி நடுவில் ஒரு பெயர்ச்சொல் இருக்கட்டும்: ‘இன்னும் 10 சதவீதத்தை ஒதுக்க வேண்டும்.’ குரூப் பிழைகளுக்கு இது இன்னும் பொருந்தும், அவற்றில் செருக ஒரு லேபிள்கூட இருக்காது.

படிவம் சரியாகும்வரை சப்மிட் பட்டனை மங்கலாக்கி வைக்கலாமா?

வேண்டாம் என்பேன். குரூப் பிழைகளில் பாதி, சப்மிட் அழுத்தும்போதுதான் காட்டப்படுகின்றன. அழுத்தவே முடியாத பட்டனுக்குப் பின்னால் அவை ஒளிந்தேதான் கிடக்கும்.

இதையெல்லாம் டெஸ்ட் செய்ய டெஸ்ட்பெட் (காம்பொனெண்ட்டை ஓட்டிப் பார்க்கும் ஆங்குலரின் சோதனைக் கருவி) வேண்டுமா?

வேலிடேட்டருக்கு வேண்டாம். அது வெறும் ஃபங்ஷன். ஒரு ஃபார்ம்குரூப்பை உருவாக்கி, மதிப்புகளைப் போட்டு, ஹேஸ்எரர் என்ன சொல்கிறது என்று பாருங்கள். மதிப்புகளை வைக்கும் வரிசையையும் மாற்றிப் பாருங்கள்: இரண்டையும் பொருத்திவிட்டு முதலாவதை மாற்றுவது, மூன்று நாமினி சேர்த்து நடுவில் உள்ளவரை நீக்குவது, பிறந்த தேதியை 2015இலிருந்து 1990க்கு மாற்றுவது. காட்டும் நேரத்தையும் மேட்சரையும் மட்டும் காம்பொனெண்ட் டெஸ்டில் வைத்துக்கொள்ளுங்கள்.